அப்பா இருமுறை விழுந்தார், எல்லாரும் 'வயதாகிவிட்டது' என்கிறார்கள்: முதுமையியலில் இதற்குப் பதில் உண்டா?

கேள்வியைச் சுருக்கித் தந்துவிட்டுத் தொடங்குகிறேன். தந்தைக்கு 78 வயது. ஆறு மாதங்களுக்குள் இருமுறை குளியலறையில் விழுந்திருக்கிறார். முன்போல் யாருடனும் பேசுவதில்லை, பகலில் தூங்குகிறார், இரவில் விழித்திருக்கிறார். சர்க்கரைக்கு ஒருவர், இரத்த அழுத்தத்துக்கு ஒருவர், புராஸ்டேட்டுக்கு ஒருவர், தலைசுற்றலுக்கு ஒருவர் என நான்கு மருத்துவர்களிடம் காட்டியாயிற்று. நால்வரும் கடைசியில் சொன்னது 'வயதாகிவிட்டது' என்பதுதான். முதுமையை ஆராயும் துறை ஒன்று இருக்கிறதே, அது ஆயுளை நீட்டும் மாத்திரை தேடும் ஆராய்ச்சி மட்டும்தானா, இவரைப் போன்றவர்களுக்கு அதனால் ஏதாவது ஆகுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆகும். முதியோர் மருத்துவப் பிரிவில் நீண்ட காலம் பணியாற்றியவன் என்ற முறையில் சொல்கிறேன்: 'வயதாகிவிட்டது' என்ற பதிலை ஏற்க மறுத்தவர்களால் உருவான துறை இது. வயது என்பது காரணங்கள் பல வந்து சேரும் இடமே தவிர, அதுவே ஒரு காரணம் அன்று. வந்து சேர்ந்திருக்கும் காரணங்களைத் தனித்தனியே பிரித்துப் பார்த்தால், அவற்றில் சிலவற்றையாவது சரிசெய்ய முடியும் என்பதே இத்துறை எண்பது தொண்ணூறு ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பக் கண்டுவரும் செய்தி.

துறைக்குப் பெயர் வைத்தவர்கள் வேறு, வழி காட்டியவர் வேறு. பாரிஸ் பாஸ்டர் ஆய்வகத்தில் இருந்த எலீ மெச்னிகாஃப் 1903இல் முதுமையை ஆராயும் அறிவியலுக்கும், நியூயார்க் மருத்துவர் இக்னாட்ஸ் நாஷர் 1909இல் முதியோர் மருத்துவத்துக்கும் பெயரிட்டார்கள். ஆனால் அதை வார்டுக்குள் கொண்டுவந்து நடத்திக் காட்டியவர், லண்டனின் மேற்குப் புறத்தில் உள்ள வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனையின் மருத்துவர் மார்ஜரி வாரன். 1935இல் அம்மருத்துவமனை தன் பக்கத்தில் இருந்த ஏழையர் விடுதியின் நோயாளர் பகுதியைத் தன்னோடு சேர்த்துக்கொண்டபோது, அங்கிருந்த 714 பேர் அவர் பொறுப்பில் வந்தார்கள். பெரும்பாலோர் முதியவர்கள், பலர் ஆண்டுக்கணக்கில் படுத்த படுக்கையாகக் கிடந்தவர்கள், தீராத நோயாளிகள் என்று முடிவுகட்டப்பட்டதால் அவர்களை யாரும் மறுபடி பரிசோதித்ததே இல்லை. வாரன் ஒவ்வொருவரையும் புதிதாக வந்த நோயாளியைப் போலப் பரிசோதித்தார். யாருக்குப் பக்கவாதம், யாருக்கு மூட்டு இறுகிவிட்டது, யாருக்குச் சிறுநீர் அடங்கவில்லை, யாருக்கு மனம் குழம்பியிருக்கிறது என்று வகை பிரித்தார். வார்டின் வெளிச்சத்தையும் சுவரின் நிறத்தையும்கூட மாற்றினார். உட்கார வைத்து, நிற்க வைத்து, நடக்கப் பழக்கியதில் பலர் எழுந்தார்கள், கணிசமானோர் மருத்துவமனையை விட்டே வெளியேறினார்கள். அவர்களில் பலர் படுத்துக் கிடந்ததற்கு அவர்களுடைய நோயைவிட, அவர்களைக் கிடத்தி வைத்திருந்ததே பெரிய காரணமாக இருந்தது.

நம் பக்கத்திலும் இத்துறைக்கு நல்ல வரலாறு உண்டு. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978இல் மருத்துவர் வி.எஸ். நடராஜன் முதியோருக்கென்று தனிப் புறநோயாளிப் பிரிவைத் தொடங்கினார். நாட்டிலேயே அதுதான் முதல். 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்தில் எம்.டி. படிப்பு வந்தது. கிண்டியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024இல் திறக்கப்பட்டது. சென்னைக்கு அருகில் இருப்பவரென்றால், நான்கு மருத்துவர்களிடம் அலைவதற்குப் பதில் இங்கே ஒருமுறை காட்டுங்கள் என்பதே என் முதல் யோசனை.

இனி, அறிவியல் என்ன கண்டிருக்கிறது என்பதைப் பார்ப்போம். 20 வயதினரையும் 80 வயதினரையும் ஒரே நாளில் பரிசோதித்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை முதுமை என்று சொல்லிவிடுவது பழைய முறை. அதில் ஒரு கோளாறு இருந்தது: 80 வயதுக்காரர் வேறொரு காலத்தில், வேறு உணவும் வேறு தொற்றுகளும் இருந்த உலகில் வளர்ந்தவர். அதனால் 1958இல் அமெரிக்காவின் பால்டிமோரில் நேதன் ஷாக்கும் அவருடைய கூட்டாளிகளும் ஒரே ஆட்களை ஆண்டாண்டாகத் தொடர்ந்து அளக்கும் ஆய்வைத் தொடங்கினார்கள். அது இன்றும் நடக்கிறது. (பெண்களை அதில் 1978இல்தான் சேர்த்தார்கள். இருபது ஆண்டுகள் ஆண்களை மட்டுமே அளந்துவிட்டு மனிதரின் முதுமையைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள்!) அதிலிருந்து கிடைத்தவற்றுள் எனக்கு மிக முக்கியமாகப் படுவது சிறுநீரகத்தைப் பற்றியது. வயது ஏறஏறச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்தே தீரும் என்று பாடநூல்கள் சொல்லிவந்தன; தொடர்ந்து அளந்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அது குறையவே இல்லை. ஒருவருக்குள்ளேயே இதயம் ஒரு வேகத்தில், கண் ஒரு வேகத்தில், மூளை ஒரு வேகத்தில் மூப்படைகிறது. ஆகவே '78 வயது' என்பது உங்கள் தந்தையின் உடலைப் பற்றிச் சொல்லும் செய்தி மிகக் குறைவு.

தசையைப் பற்றிக் கிடைத்த செய்தி இன்னும் நேரடியானது. 1990இல் பாஸ்டனில் மரியா ஃபியாடரோன் என்ற மருத்துவர், முதியோர் இல்லத்தில் இருந்த, சராசரி வயது 90 ஆன பத்துப் பேருக்குக் காலில் எடை கட்டித் தூக்கும் பயிற்சியை எட்டு வாரம் கொடுத்தார். சிலருக்கு இதய நோய், சிலருக்கு மூட்டுவலி, எல்லாருமே நலிந்தவர்கள். பயிற்சியை முடித்தவர்களின் தொடைத் தசை வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. தொண்ணூறு வயதிலும் தசை பயிற்சிக்குப் பதில் சொல்கிறது என்பது அன்றைக்குப் பலரால் நம்ப முடியாத செய்தி. அதன் மறுபக்கத்தையும் அளந்திருக்கிறார்கள்: நல்ல உடல்நலத்துடன் இருந்த, சராசரி 67 வயதுடையவர்களைப் பத்தே நாள் படுக்கையில் வைத்துப் பார்த்தபோது கால்களின் தசையில் ஏறத்தாழ ஒரு கிலோ குறைந்தது. காய்ச்சலுக்காக ஒரு வாரம் மருத்துவமனையில் சேர்த்த பெரியவரை, 'ஓய்வில் இருக்கட்டும்' என்று கட்டிலை விட்டு இறங்கவிடாமல் பார்த்துக்கொள்ளும் குடும்பங்களிடம் இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு. அன்பினால் செய்வதுதான். ஆனால் வீடு திரும்பும்போது காய்ச்சல் போயிருக்கும், கூடவே நடையும் போயிருக்கும்.

உயிரணுக்களுக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டி.என்.ஏ.வில் சேதம் சேர்வது, செல்கள் இரண்டாகப் பிளந்து பெருகாமலும் மடியாமலும் தங்கி அழற்சியைக் கிளப்பிக்கொண்டிருப்பது, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியா தளர்வது முதலான, முதுமையின் ஒன்பது அடையாளங்களை 2013இல் ஒரு குழு தொகுத்தது. 2023இல் அதே குழு பன்னிரண்டாக்கியது. அறிவியலாக மிகச் சிறப்பானது. ஆனால் உங்கள் தந்தை குளியலறையில் விழுந்ததற்கான விடை அந்தப் பட்டியலில் இல்லை. அது அவருடைய மருந்துப் பையிலும், காலிலும், குளியலறையிலும் இருக்க வாய்ப்பு அதிகம்.

பெர்னார்ட் ஐசக்ஸ் என்ற மருத்துவர் 1960களில் நான்கு சிக்கல்களை முதியோர் மருத்துவத்தின் பெரும் பூதங்கள் என்று சொன்னார்: நடமாட்டம் போவது, நிலைதடுமாறி விழுவது, சிறுநீரும் மலமும் கட்டுக்குள் இல்லாமல் போவது, அறிவு மங்குவது. இவை எதுவும் ஒரே நோயால் வருபவையல்ல என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். இளைஞர் ஒருவருக்கு நிமோனியா வந்தால் காய்ச்சலும் இருமலும் வரும். எண்பது வயதுக்காரருக்கு அதே நிமோனியா காய்ச்சல் இல்லாமல், 'நேற்றிலிருந்து எழுந்திருக்கவில்லை', 'சாப்பாடு வேண்டாம் என்கிறார்', 'ஏதேதோ பேசுகிறார்' என்ற வடிவில் வரலாம். அதனால் இத்துறை நோயின் பெயரைத் தேடுவதற்கு முன், மனிதரால் என்ன செய்ய முடிகிறது என்பதை முதலில் அளக்கிறது. குளிப்பது, உடுத்துவது, கழிவறைக்குப் போவது, கட்டிலிலிருந்து எழுவது, உண்பது ஆகியவை ஒரு படி. கடைக்குப் போவது, பணத்தைக் கையாள்வது, மாத்திரையைத் தானே எடுத்துக்கொள்வது, போன் பேசுவது போன்றவை அதற்கு மேற்படி. இரண்டாவதில் சறுக்கல் முதலில் தெரியும். மின்கட்டணம் கட்டுவதை ஒருவர் தானாகவே நிறுத்திவிட்டார் என்றால், ஏன் என்று கேட்க வேண்டும்.

விழுவதற்கு வருவோம். நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரும் ஒரு சோதனை 1991இலிருந்து உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. பன்னிரண்டு நொடிக்கு மேல் ஆனால் விழும் அபாயம் இருப்பதாகக் கொள்கிறோம். ஆனால் நொடிக்கணக்கைவிட, பார்க்கும் கண் முக்கியம். கையை ஊன்றாமல் எழ முடிகிறதா? எழுந்ததும் ஒரு கணம் தள்ளாடுகிறாரா? திரும்பும்போது ஒரே வீச்சில் திரும்புகிறாரா, அல்லது சின்னச் சின்ன எட்டாகப் பல எட்டு வைக்கிறாரா? நடந்துகொண்டிருக்கும்போது 'காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?' என்று கேட்டால் நடந்தபடியே பதில் சொல்கிறாரா, நின்றுவிட்டுச் சொல்கிறாரா? நின்றுவிட்டால், நடப்பதற்கே மூளையின் முழுக் கவனமும் தேவைப்படுகிறது என்று பொருள். இப்படி நிற்பவர்கள் பின்னாளில் விழுவது அதிகம் என்பது 1997இலேயே பதிவாகியிருக்கிறது. அடுத்து, படுக்க வைத்து இரத்த அழுத்தம் பார்த்து, எழுந்து நின்ற பின் ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் மறுபடி பார்க்க வேண்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால், 'எழுந்தால் கிர்ரென்று சுற்றுகிறது' என்று அவர் சொல்வதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. உட்கார வைத்து மட்டும் அழுத்தம் பார்க்கும் இடத்தில் இது ஒருநாளும் தெரியாது.

பிறகு மருந்துப் பை. முதல் நாள் வரும்போது வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும், நிறுத்தியவை, மருந்துக் கடையில் கேட்டு வாங்கியவை, சித்த மருந்து, லேகியம், கண் சொட்டு உட்பட அப்படியே கொண்டுவரச் சொல்வேன். மேசையில் அவற்றைப் பரப்பிப் பார்த்தால் ஒரு சங்கிலி தெரியும். இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் கொடுத்திருப்பார்கள். அதன் பக்கவிளைவாகக் கணுக்கால் வீங்கும். வீக்கத்தைப் பார்த்த இன்னொருவர் நீர் போவதற்கு ஃப்ரூசமைடு எழுதியிருப்பார். அதனால் இரவில் நான்கு முறை எழ வேண்டியிருக்கும். புராஸ்டேட்டுக்குக் கொடுக்கும் டாம்சுலோசின் எழுந்து நிற்கும்போது அழுத்தத்தை இறக்கும். தூக்கம் கெடுகிறதே என்று அல்பிரசோலம் வந்திருக்கும். இரவு இரண்டு மணிக்கு, தூக்க மாத்திரை மயக்கத்தில், அழுத்தம் இறங்கிய நிலையில், ஈரத் தரையை நோக்கி அவசரமாக நடப்பவர் விழாமல் இருந்தால்தான் வியப்பு. இதில் எந்த மருத்துவரும் தவறாக எழுதவில்லை. ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இதைவிட மோசமான சங்கிலி ஒன்று நம் ஊரில் மிகப் பரவலாக இருக்கிறது. தலைசுற்றலுக்கு ஐந்து நாளுக்கென்று எழுதப்படும் சின்னரிசினும் புரோகுளோர்பெரசினும் அதே சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கப்படுகின்றன. இவை மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளின் வேலையைத் தடுப்பவை. சில மாதங்களில் முகம் உணர்ச்சியற்றுப் போகும், நடை சுருங்கும், கை நடுங்கும், பேச்சு குறையும். பார்ப்பவருக்கு அது பார்க்கின்சன் நோயாகத் தெரியும், அதற்கும் மாத்திரை தொடங்கும். உங்கள் தந்தை பேச்சைக் குறைத்துக்கொண்டதையும் தலைசுற்றலுக்கு மருந்து எடுப்பதையும் ஒரே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்த மாத்திரையின் பெயர் என்ன, எத்தனை மாதமாக எடுக்கிறார் என்பதை முதலில் பாருங்கள். சாதாரணச் சளி மாத்திரையில் இருக்கும் குளோர்பெனிரமின்கூட இந்த வயதில் மனத்தைக் குழப்பும், சிறுநீரை அடைக்கும். சர்க்கரைக்குக் கிளிபென்கிளமைடு எடுப்பவர்களுக்கு இரவில் சர்க்கரை அளவு ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். முதியோருக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியலை மார்க் பியர்ஸ் 1991இல் வெளியிட்டார். அது இன்றும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தப்பட்டு வருகிறது. ஆனால் எதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். தூக்க மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். பையோடு போய், எதை எந்த வரிசையில் குறைப்பது என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

கண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு கண்ணுக்குப் புரை அறுவை செய்தாலே விழும் எண்ணிக்கை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாகப் பிரிட்டனில் ஓர் ஆய்வு காட்டியது. 1976இல் மதுரையில் ஜி. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் பின் தென் மாவட்டங்களில் இந்த அறுவை எட்டாத பொருளாக இல்லை; 'இன்னும் முற்றட்டும்' என்று காத்திருக்கும் பழைய வழக்கம்தான் இன்னும் போகவில்லை. இரட்டைப் பார்வைக் கண்ணாடியோடு படி இறங்குவதும் ஆபத்து: கண்ணாடியின் கீழ்ப்பாதி படிப்பதற்கானது, அதன் வழியே பார்த்தால் படியின் விளிம்பு மங்கும். வீட்டைப் பொறுத்தவரை, கழிவறையில் உட்கார்ந்து எழும் பக்கம் ஒரு கைப்பிடி, கட்டிலிலிருந்து அங்கே போகும் வழியில் இரவு விளக்கு, தேய்ந்த ரப்பர் செருப்பைத் தூக்கிப்போடுவது, தரையில் தவழும் வேட்டி நுனியைக் கணுக்காலுக்கு மேல் ஏற்றுவது ஆகியவற்றை இன்றே செய்யலாம். இடுப்பு எலும்பு முறிந்த பிறகு ஓராண்டுக்குள் இறப்பவர்கள் பல நாடுகளின் ஆய்வுகளில் ஐந்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை இருக்கிறார்கள் என்பதை நினைத்தால், ஒரு கைப்பிடியின் செலவு பொருட்டே அல்ல. முறிந்துவிட்டால், 'இந்த வயதில் அறுவை எதற்கு' என்று தள்ளிப்போடாமல் ஓரிரு நாளுக்குள் அறுவை செய்து மறுநாளே எழுப்பி நிறுத்துவதுதான் இன்றைய முறை.

பகலில் தூங்கி இரவில் விழித்திருப்பதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அறிவு மங்குவதில் மூன்று வேறுபட்ட நிலைகள் உண்டு. மூன்றையும் வீட்டில் 'மறதி' என்றே சொல்லிவிடுகிறோம். நேற்றுவரை தெளிவாக இருந்தவர் ஓரிரு நாளில் குழம்பி, சிலநேரம் தெளிந்து சிலநேரம் மங்கி, இல்லாத ஆட்களைப் பார்த்துப் பேசினால் அது திடீர் மனக்குழப்பம். அது அவசரநிலை. சிறுநீர்த் தொற்று, நிமோனியா, சிறுநீர் அடைப்பு, பல நாள் மலச்சிக்கல், புதிதாகச் சேர்ந்த மருந்து, அல்லது நீர் மாத்திரையும் உப்பில்லாச் சாப்பாடும் சேர்ந்து சோடியத்தை இறக்கிவிட்டது என ஏதோ ஒன்று பின்னால் இருக்கும். இதில் ஒரு வகை, ஆர்ப்பாட்டம் எதுவும் இல்லாமல் சும்மா தூங்கிக்கொண்டே இருக்கும். அதைத்தான் அதிகம் தவறவிடுகிறோம். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் ஷேரன் இனோய் 1999இல் வெளியிட்ட ஆய்வில், மருத்துவமனையில் சேர்ந்த முதியவர்களுக்குக் கண்ணாடியையும் காதுக் கருவியையும் கையில் கொடுத்து, தண்ணீர் குடிக்கச் செய்து, தினமும் நடக்க வைத்து, இன்று என்ன கிழமை, எங்கே இருக்கிறோம் என்று பேச்சுக்கொடுத்து, மாத்திரை இல்லாமல் தூங்க உதவியதில் மனக்குழப்பம் 15 விழுக்காட்டிலிருந்து 9.9 ஆகக் குறைந்தது. இவற்றில் ஒன்றுகூட நம் வீட்டு மனிதர்கள் செய்ய முடியாததல்ல.

இரண்டாவது, மாதக்கணக்கில் ஆண்டுக்கணக்கில் மெல்ல வரும் மறதி நோய். இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 88 இலட்சம் பேருக்கு, இது இருப்பதாக ஒரு தேசிய ஆய்வு மதிப்பிட்டது. மூன்றாவது மனச்சோர்வு. நம் ஊர்ப் பெரியவர்கள் 'வருத்தமாக இருக்கிறது' என்று சொல்வதில்லை. 'உடம்பெல்லாம் வலிக்கிறது', 'எதிலும் பிடிப்பில்லை', 'போய்ச் சேர்ந்தால் போதும்' என்பார்கள். மருந்துக்கும் பேச்சுக்கும் நன்றாகவே குணமாகும் இந்த நிலை, மறதி நோய் என்ற பெயரில் கைவிடப்படுவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

பேச்சு குறைந்துபோனதற்கு இவை எதுவும் அல்லாத ஒரு காரணமும் இருக்கலாம்: காது. பாதி கேட்டும் பாதி கேட்காமலும் தப்பும் தவறுமாகப் பதில் சொல்லி, பேரக்குழந்தைகள் சிரிக்க, ஒருநாள் பேசுவதையே நிறுத்திவிடுவார்கள். முதலில் காதில் குறும்பி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஐந்து நிமிட வேலை. மறதி நோய்க்கு மாற்றக்கூடிய காரணங்கள் என 2024இல் லான்செட் என்ற மருத்துவ இதழின் ஆணைக்குழு பட்டியலிட்ட பதினான்கில் கேட்கும் திறன் குறைவும் பார்வைக் குறைவும் இருக்கின்றன. பதினான்கையும் சேர்த்தால் ஏறத்தாழ 45 விழுக்காடு மறதி நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்களின் கணிப்பு. காதுக் கருவி வாங்கியும் இழுப்பறையில் கிடக்கிறது என்பது அடுத்த புகார். அதற்குப் பழக வாரக்கணக்கு ஆகும். முதலில் அமைதியான அறையில் ஒருவரோடு மட்டும் பேசும்போது போட்டுப் பழக வேண்டும். கல்யாண மண்டபத்தில் போட்டுத் தொடங்கினால் மறுநாளே கழற்றிவிடுவார்.

உடலைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். முதியவர்களின் சிக்கலில் பாதி பணத்தில் இருக்கிறது. மக்கள்தொகையில் 65 கடந்தவர்களின் பங்கு 7 விழுக்காட்டிலிருந்து 14 ஆக உயர பிரான்சுக்கு 115 ஆண்டுகளும் ஜப்பானுக்கு 24 ஆண்டுகளும் ஆயின. அவர்கள் ஓய்வூதியத்தையும் மருத்துவக் காப்பீட்டையும் கட்டிக்கொண்ட பிறகு முதுமை வந்தது. நமக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. 2011 கணக்கெடுப்பில் இந்தியாவில் 60 வயது கடந்தவர்கள் சுமார் 10.4 கோடி, 2050இல் 34.7 கோடி ஆவார்கள் என்பது ஐ.நா. மக்கள்தொகை நிதியத்தின் 2023 அறிக்கை தரும் கணிப்பு. குழந்தைப் பிறப்பு குறைந்த தமிழ்நாடும் கேரளமும் இதில் மற்ற மாநிலங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கின்றன. வயலிலும் கட்டட வேலையிலும் உழைத்து ஓய்ந்தவர்களுக்கு ஓய்வூதியம் என்று எதுவும் இல்லை. முதியோர் உதவித்தொகையில் மத்திய அரசின் பங்கு 80 வயது வரை மாதம் 200 ரூபாய், அதன்பின் 500 ரூபாய். 200 என்ற அந்தத் தொகை பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக நகரவில்லை. தமிழ்நாட்டில் மாநிலம் தன் பங்கைச் சேர்த்து 2023இல் மொத்தத் தொகையை 1,200 ஆக்கியது. சிறிய தொகைதான், ஆனால் கணவரை இழந்த, சொத்து எதுவும் தன் பெயரில் இல்லாத ஒரு மூதாட்டிக்கு வீட்டில் சொல்லுக்கு மதிப்பிருப்பது பல இடங்களில் அந்தப் பணத்தால்தான்.

சொத்து இருப்பவர்களுக்கு வேறு வகைத் தொல்லை. மகன் பெயருக்குத் தானசெட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு அதே வீட்டின் திண்ணையில் தட்டோடு உட்கார வேண்டிய நிலை வருவதைக் கேட்டிருப்பீர்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் வந்தது. வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுத்தால் மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் கேட்கலாம். பிள்ளை இல்லாதவர், தன் சொத்தை அடையப்போகும் உறவினரிடமும் கேட்கலாம். 23ஆம் பிரிவின்படி, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பராமரிக்காவிட்டால் திரும்பப் பெறலாம். அந்த நிபந்தனை இருந்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் கறாராகச் சொன்னது. 2025 சனவரியில் வேறொரு வழக்கில், இது முதியோர் நலனுக்கான சட்டம் என்பதால் தாராளமாகவே பொருள் கொள்ள வேண்டும் என்றது. எழுதிக் கொடுப்பவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவே: பராமரிப்பு நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள், குடியிருக்கும் உரிமையை உயிருள்ளவரை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். வழக்கு, மனு என்று போகும் தெம்பில்லாதவர்கள் 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் முதலில் பேசலாம்.

பார்த்துக்கொள்பவரையும் விட்டுவிடக் கூடாது. அது பெரும்பாலும் மருமகள் அல்லது மகள், அவரும் ஐம்பதைத் தாண்டியவர், முதுகுவலியும் தூக்கமின்மையும் உள்ளவர். இரவில் எழுப்பப்படும் வேலையை வாரத்தில் இரண்டு நாளாவது வேறொருவர் ஏற்காத வீட்டில், சில மாதங்களில் நோயாளிகள் இருவராகிவிடுகிறார்கள். மருத்துவரிடம் போகும்போது இதையும் சொல்லுங்கள். கேட்கப்படாத கேள்வி இது.

கடைசியாக, ஆயுளை நீட்டும் மாத்திரை. ஆராய்ச்சி உண்மையிலேயே நடக்கிறது. 1935இலேயே கிளைவ் மெக்கே என்பவர், உணவைக் குறைத்து வளர்த்த எலிகள் நீண்ட நாள் வாழ்வதைக் காட்டினார். ராபமைசின் என்ற மருந்தை, நடுவயதைத் தாண்டிய சுண்டெலிகளுக்குக் கொடுத்தும் ஆயுள் கூடியதை 2009இல் மூன்று ஆய்வகங்கள் சேர்ந்து காட்டின. சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மினைப் பற்றியும் நிறையப் பேச்சு இருக்கிறது. ஆனால் மனிதரில் ஆயுளை நீட்டியதாக நிரூபிக்கப்பட்ட மாத்திரை இன்றுவரை ஒன்றும் இல்லை. இணையத்தில் 'இளமை திரும்பும்' என்று விற்பவற்றுக்கும் அந்த ஆராய்ச்சிக்கும் இடையே வெகுதூரம். அதற்கு ஒதுக்கி வைத்திருக்கும் பணம் இருந்தால் காதுப் பரிசோதனைக்கும், கழிவறைக் கைப்பிடிக்கும், வாரம் இருமுறை வீட்டுக்கு வந்து பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்ட்டுக்கும் செலவிடுங்கள். முதல் சந்திப்புக்குப் போகும்போது மருந்துப் பையை எடுத்துப் போங்கள். எந்த மாதத்தில் எது தொடங்கியது, முதல்முறை விழுந்தது எந்த மாத்திரை சேர்ந்த பிறகு என்று ஒரு தாளில் தேதிவாரியாக எழுதிவையுங்கள். மருத்துவர் எதிரில் உங்கள் தந்தையை நோக்கி வரும் கேள்விகளுக்கு அவரையே பதில் சொல்லவிடுங்கள்.